பூச்சி கடித்தது என்றால்

வணக்கம் ஐயா,

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சேர்ந்த புதிதில் வார்டுப் பக்கம் போனாலே கண் கலங்கும். போன வாரம் பக்கத்துப் படுக்கையில் ஒருவர் இறந்தபோது நான் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. நோயாளிகள் எனக்குப் படுக்கை எண்களாகிவிட்டார்கள். கல்லாகிவிட்டேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

அமெரிக்காவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களின் பரிவை ஆண்டுதோறும் அளந்து பார்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், அது சரிந்தது மூன்றாம் ஆண்டில். அங்கே மாணவர்கள் முழுநேரமாக வார்டுக்குள் வருவது அப்போதுதான். எனவே இது உங்கள் ஒருவரின் குறை இல்லை. இறந்தவரைப் பற்றி மட்டும் விடுதித் தோழி யாரிடமாவது பேசிவிடுங்கள், மனதில் பூட்டி வைக்க வேண்டாம்.

கண்ணீர் வராதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. காது கேட்கிறதா என்பதுதான் என் கவலை.

நம் பக்கத்தில் ராத்திரியில் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். பல வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த என் சித்தி மகன் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தான். ஆஸ்பத்திரியில் சித்தி, “ராத்திரி பூச்சி ஏதோ கடிச்சிருக்கும் போல” என்றாள். வெளியூரிலிருந்து வந்த இளம் மருத்துவர் அதைப் பூச்சிக்கடி என்றே எடுத்துக்கொண்டார். சித்தி மறுபடி வாயெடுத்தபோது, “சரிம்மா, வெளியே உட்காருங்க” என்றார். வயிற்றுவலிக்கு ஊசி போட்டார்கள்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகும். வயிற்றுவலியில் தொடங்கும், இமை தொங்கும், அப்புறம் மூச்சில் கைவைக்கும். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள்தான் பையனின் இமையைப் பார்த்துவிட்டு, “நெளியுற பூச்சியாம்மா?” என்று கேட்டாள். சித்தி தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் விஷமுறிவு மருந்து ஏறியது. மூன்று நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தான்.

அந்த மருத்துவர் கல்நெஞ்சர் இல்லை. மூன்றாம் நாள் பையன் கண் திறந்தபோது அழுதவர் அவர். முதல் நாள் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று 1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. சித்திக்கு அவ்வளவு நேரமும் கிடைக்கவில்லை.

2019 முதல் உங்கள் பாடத்திட்டத்தில் ஏட்காம் என்று மனப்பாங்கு, நெறி, உரையாடல் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். வரவேண்டியதுதான், மனதார வரவேற்கிறேன். ஆனால் சொல்லுக்குள் இருக்கும் ஊரை வகுப்பில் கற்க முடியாது. குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் உங்களுக்குக் கிராமத்தில் சில வீடுகள் கொடுத்திருப்பார்களே, அங்கே படிவம் இல்லாமல் ஒரு சாயங்காலம் போங்கள். திண்ணையில் உட்காருங்கள். “கிறுகிறுங்குது”, “நெஞ்சைக் கரிக்குது”, “கால் மதமதங்குது” என்று அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

படுக்கை எண் இருக்கட்டும், ரவுண்ட்ஸில் அது வேண்டும். நாளைக்கு ஒரே ஒரு படுக்கையருகே பேனாவை மூடிவிட்டு, அவர் நிறுத்தும் இடத்தில் “அப்புறம்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.