மலையில் தங்கிப் பயிற்சி செய்யலாம், ஊசி மட்டும் கூடாது என்பதில் என்ன நியாயம்?

மலை உயரத்தில் தங்கிப் பயிற்சி செய்தால் தசைகளுக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் இரத்தச் சிவப்பணுக்கள் கூடுகின்றன, அவற்றை உருவாக்கத் தூண்டும் இயக்குநீரான எரித்ரோபொய்டினை ஊசியாகப் போட்டாலும் அவையே கூடுகின்றன, அப்படியிருக்க ஒன்றை அனுமதித்து மற்றொன்றைத் தடை செய்வது எப்படிச் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் 1500 மீட்டர் ஓடியவன், இன்று அதே ஊரில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இயற்கை, செயற்கை என்று பிரித்து இதற்கு விடை காண முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஏற்காட்டுத் தோட்டங்களில் விளையும் காபியில் இருக்கும் கஃபீன்கூட, சிறுநீரில் ஓர் அளவைத் தாண்டினால் குற்றமாகத்தான் இருந்தது. 2004இல்தான் தடைப்பட்டியலிலிருந்து அது நீங்கியது. 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மேன்ட்டிரான்ட்டாவுக்குப் பிறவியிலேயே சிவப்பணுக்கள் மிகுதி என்பதும், அதற்கு அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு மரபணு மாற்றமே காரணம் என்பதும் பின்னாளில் தெரியவந்தன. அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை.

உடலுக்குள் நடப்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து சிறுநீரகம் எரித்ரோபொய்டினைச் சுரக்கிறது, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை உருவாக்குகிறது, தேவை நிறைந்ததும் சுரப்பு தானாகவே தணிகிறது. (சுமார் 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் இந்தப் பயன் குறைவு, பொதுவாக 2000 மீட்டருக்கு மேல்தான் தேடிப் போவார்கள். எங்களுக்கு உதவியது அந்த ஏற்றமும் குளிர்ந்த காற்றும்தான்.) ஊசிக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. போடுபவர் நிறுத்தும்வரை இரத்தம் தடித்துக்கொண்டே போகும். அது உறைந்து இதயத்தையோ மூளையையோ அடைக்கக்கூடும்.

ஆனால் என் மனத்தில் நிற்கும் காரணம் இதுவும் அன்று. எனக்குப் பத்தொன்பது வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நான் மதித்த மூத்த வீரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "கண்ணு, எல்லாரும் போட்டுக்கிறாங்க, நீ மட்டும் ஏன் வீணாப் போற?" என்று கேட்டார். நான் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், என் பயிற்சியில் குறை இருந்ததா, அல்லது நான் மறுத்த ஊசிதான் என்னைத் தோற்கடித்ததா என்று தெரியாமல் தவித்தேன். ஊக்கமருந்து எடுப்பது அவரவர் விருப்பம் என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: பக்கத்து ஓடுபாதையில் நிற்பவன் போட்டுக்கொண்டால், போட்டுக்கொள்ள விரும்பாதவனுக்கு எஞ்சும் விருப்பம் எது? தன் உடலைப் பணயம் வைக்க வேண்டும், இல்லையேல் ஓட்டத்தைக் கைவிட வேண்டும். மேன்ட்டிரான்ட்டாவின் பிறவிப்பேறும் ஒரு குவளை காபியும் பிறரை இந்த நிலைக்குத் தள்ளுவதில்லை.

கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டமிட்டு, பதின்ம வயதுப் பெண்களுக்கு வைட்டமின் என்று சொல்லி ஆண்மை இயக்குநீர் மாத்திரைகளைக் கொடுத்தது. அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் நோயைச் சுமந்தார்கள். நம் நாட்டிலோ, 2023 செப்டம்பரில் டில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்த செய்தி பரவியதும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஓடினார். அந்த ஒருவரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அவருக்காகத்தான் தடை தேவை.

உங்கள் கேள்வியில் எனக்கு முழுமையான பதில் இல்லாத பகுதி பணம். ஆக்சிஜனைக் குறைத்து மலைக்காற்றைப் போல ஆக்கும் கூடாரத்தை விதிகள் அனுமதிக்கின்றன. விசைத்தறிக் கூலியின் மகனால் அதை வாங்க முடியாது. இது அநீதி என்றே நினைக்கிறேன். ஆனால் இதைச் சரிசெய்ய அவனை மலைக்கு அனுப்ப வேண்டுமே தவிர, அவன் கையில் ஊசியைக் கொடுக்கக் கூடாது. வரும் கோடையில் என் மாணவர்கள் ஆறு பேரைப் பத்து நாள் ஏற்காட்டில் தங்கவைக்கக் குறைந்த வாடகையில் ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.