திருவாதிரைக்குப் பரிகாரமா?

கேள்வி: திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறதாமே? என் பேரனுக்கு அதே நட்சத்திரம். பரிகாரத்துக்கு ஜோதிடர் ஐயாயிரம் கேட்கிறார். பெரிய நட்சத்திரம் வெடித்தால் ஒளிவீசும் மேகமாகிவிடும் என்கிறார்களே, அது எப்படி?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் அந்த ஐயாயிரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், ஆச்சி.

2019 கடைசியில் திருவாதிரை மங்கியது உண்மை. வெடிக்கப் போகிறது என்ற பேச்சும் அதனால்தான் கிளம்பியது. அது கக்கிய தூசியே அதை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒருநாள் வெடிக்கும், ஆனால் விஞ்ஞானிகள் சொல்லும் கெடு ஒரு லட்சம் ஆண்டு. அதன் ஒளி இங்கு வந்து சேரவே 500 ஆண்டுக்கு மேல் ஆகும். ஏற்கெனவே வெடித்திருந்தால் சேதி இன்னும் வழியில் இருக்கிறது. நடந்து முடிந்ததற்கு எதற்குப் பரிகாரம்?

சரி, எப்படி வெடிக்கிறது? தேக்குத் தூணை உருவி விற்றுவிட்ட வீடுகளை உங்கள் பக்கம் பார்த்திருப்பீர்கள். நட்சத்திரத்துக்குத் தூண், அதன் நடுவே நடக்கும் அணுச்சேர்க்கையின் (சின்ன அணுக்கருக்கள் சேர்ந்து பெரிதாவதன்) வெப்பம். சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ளவற்றில் ஹைட்ரஜன் தீர்ந்தால் ஹீலியம், அப்புறம் கார்பன் என்று போய், கடைசியில் சிலிக்கன் எரியும். ஹைட்ரஜன் பல பத்து லட்சம் ஆண்டு தாங்கும். சிலிக்கன் சில நாள்தான் தாங்கும். மிஞ்சுவது இரும்பு. அதிலிருந்து வெப்பம் பெயராது. இரும்புக் கரு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடையை எட்டியதும் (இந்த வரம்பின் கணக்கைப் போட்டவர் நம் சந்திரசேகர், 1983-இல் நோபல் பெற்றவர்) ஒரு நொடிக்குள் சரிகிறது. பூமியளவு இருந்தது, ஏறக்குறைய காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் உள்ள தூர அளவுக்குச் சுருங்கிவிடும்! மேலே இருந்து விழும் வாயு அந்த இறுகிய கருவில் மோதித் துள்ளும். உள்ளிருந்து பீறிடும் நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகள்களும் தள்ள, மேற்பகுதி முழுக்கச் சிதறுகிறது.

சிதறிய அந்த வாயுதான் நீங்கள் கேட்ட ஒளிவீசும் மேகம், அதாவது நெபுலா. 1054-இல், இங்கே சோழர் ஆண்டபோது, சீனர்கள் ஒரு வெடிப்பைப் பட்டப்பகலிலேயே 23 நாள் பார்த்தார்கள். அதன் மிச்சம்தான் நண்டு நெபுலா. இன்றும் வினாடிக்கு சுமார் 1,500 கி.மீ. வேகத்தில் விரிகிறது. நடுவில் அந்தக் குட்டிக் கரு வினாடிக்கு 30 தடவை சுழன்று, விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல் மேகத்துக்குச் சக்தி ஊட்டுகிறது. வேறு சில நெபுலாக்கள், அக்கம்பக்கத்து வாயுவில் மோதிய சூட்டிலேயே ஒளிரும்.

மார்கழியில் இரவு எட்டு மணிக்குப் பேரனை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். கிழக்கே செம்மஞ்சளாக மின்னும், திருவாதிரை. ஐயாயிரத்துக்கு ஒரு பைனாகுலர் கிடைக்கும். ஜோதிடர் வந்தால் அவருக்கும் ஒரு தடவை காட்டுங்கள். இதுவரை பார்த்திருக்க மாட்டார்.