தற்கொலையைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது?

கேள்வி: தற்கொலை குறித்து எங்கள் ஒன்றியத்து மக்களின் மனப்பான்மையை அளக்க ஓர் ஆய்வு தொடங்கியிருக்கிறோம். முன்னோட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் 'அது தவறு' என்றே சொல்லிவிட்டார்கள். இதைக் கொண்டு என்ன முடிவுக்கு வருவது?
– சமூகப்பணி மாணவி, திண்டிவனம்

பதில்: எதைச் சொன்னால் மரியாதை என்று ஊருக்குத் தெரியும், அந்தப் பதில் காட்டுவது அவ்வளவே. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரின் வீட்டில் பெண் எடுப்பீர்களா, அவருக்குக் கடையில் வேலை கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் அப்போதுதான் பிரியத் தொடங்கும்.

சுவீடனின் உமேயோ நகரில் உருவாகி 2003-இல் வெளியான அளவுகோல் ஒன்றில், தற்கொலையைத் தடுக்க முடியுமா, அதைப் பற்றிப் பேசலாமா, தீராத நோயாளிக்கு அந்த உரிமை உண்டா என்பன போன்றவை தொடர்பான 37 கூற்றுகள் உள்ளன. 2013-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகோலோ, இறந்தவரைக் கோழை, தனித்துப்போனவர், துணிச்சல்காரர் என்றெல்லாம் கருதுகிறீர்களா என வினவி, இழிவாக எண்ணுதல், தனிமையோடும் மனச்சோர்வோடும் இணைத்துக் காணுதல், மேன்மைப்படுத்துதல் ஆகிய மூன்றையும் தனித்தனியாக மதிப்பிடுகிறது. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடாதீர்கள். கொள்கைக்காகவும் தலைவருக்காகவும் தீக்குளித்தவர்களைப் போற்றிய வரலாறுள்ள நம் மாநிலத்தில், இழிவெண்ணம் குறைந்திருப்பது மட்டுமே நல்ல செய்தியாகிவிடாது.

மொழிபெயர்த்த கூற்றுகளைச் சிலரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். நேர்காணல் தனிமையில் நடக்க வேண்டும். மாமியார் திண்ணையில் இருந்தால் மருமகளிடமிருந்து உங்களுக்குக் கிடைப்பது மாமியாரின் கருத்துதான். வழக்கு பற்றிய அச்சமும் குறுக்கே நிற்கும். முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்னும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருந்தும், 'தீராத வயிற்றுவலி' என்றே சொல்லும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. ஆகவே நீங்கள் காவல்துறைக்காக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்பதாலேயே அந்த எண்ணம் விதைக்கப்படும் என்னும் அச்சத்தை இதுவரையிலான ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஆயினும் வழிமுறைகளைப் பற்றிய கேள்வி எதுவும் வேண்டாம். எவரேனும் தமக்கே அந்த எண்ணம் இருப்பதாகச் சொன்னால், படிவத்தை மூடிவிட்டு அவரோடு இருந்து, டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணில் பேச வையுங்கள். அந்த நேர்காணல் கணக்கில் சேராமல் போனால் போகட்டும்.