பக்கத்தில் யாரை உட்கார வைப்பது: ஒரு ரிட்டயர்டு டீச்சரிடம் கேட்டவை

குடியாத்தம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சட்டம் தெரிந்த இடத்தில் சட்டத்தைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் என் அபிப்பிராயம்.

டீச்சர், உலகக் குடிமைக் கல்வின்னு பயிற்சியில ரெண்டு நாள் பேசினாங்க. எங்க புள்ளைங்க சென்னையையே பார்த்ததில்ல. இது எதுக்கு? (ஆசிரியர், கே.வி.குப்பம்)

பயிற்சியில் சொல்லும் விதம் அப்படி, தம்பி. மற்ற ஊர், மற்ற நாட்டு மனிதரோடு நமக்குள்ள தொடர்பையும் பொறுப்பையும் சொல்லித் தருவதுதான் இது. விஷயம் புதுசில்லை. யுனெஸ்கோ 1974-லேயே இதற்கு ஒரு பரிந்துரை போட்டது. அதைத்தான் 2023 நவம்பரில் திருத்தி, அமைதி, மனித உரிமை, உலகக் குடிமை, நீடித்த வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். 2015-ல் ஐ.நா. வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்று இருப்பதும் இதுதான்.

ஆனால் இதை நடத்த நம் மாவட்டத்தைவிடத் தோதான இடம் கிடையாது. ஒரு பழைய லெதர் ஷூவை மேஜைமேல் வையுங்கள். உள்ளே நாக்குப் பட்டையில் 42 என்று போட்டிருக்கும், ஐரோப்பிய அளவு. உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் அம்மா ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கப் போகிறார் என்று கேளுங்கள். அந்த ஷூவைப் போடப்போவது யார், தோலைப் பதனிட்ட தண்ணீர் எங்கே போயிற்று, ஏன் பாலாற்றங்கரையில் சில ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனது? ஒரு பீரியட் போதாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் கழிவுநீரை எதிர்த்துப் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே நஷ்டம் கட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் அறிவியல் சாட்சி முழுசாக வரும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதியாயிற்று. இவை 1992-ல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கொள்கைகள். சட்டக் கல்லூரியில் இந்தியா முழுக்க இதை 'வேலூர் வழக்கு' என்றே படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. அதே ஆலையில்தான் அப்பாவுக்குச் சம்பளம் என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். சொல்லட்டும், பாடமே அங்கேதான் சூடு பிடிக்கும். நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

என் பையன் நாலாவது. எழுத்து தலைகீழா எழுதறான், வாய்க்கணக்கு நல்லா போடறான். 'வேற ஸ்கூல் பார்த்துக்கங்க'ன்னு மிஸ் சொல்லிட்டாங்க. (தாயார், காட்பாடி)

போகாதீர்கள் அம்மா. எட்டாம் வகுப்பு முடிகிறவரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பள்ளிகள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும்.

அடுத்தது, உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், போய்ப் பாருங்கள். முறையாகப் பரிசோதித்துச் சான்று வாங்கி வைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதும் ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று கேட்க வழியுண்டு. கடைசி நேரத்தில் ஓடினால் சான்று கிடைப்பதற்குள் தேர்வே முடிந்துவிடும். வீட்டில் எழுத்துப் பிழைக்குத் திட்டாதீர்கள், அவன் வேண்டுமென்று செய்வதில்லை. பாடத்தை வாசித்துக் காட்டி வாயால் பதில் வாங்குங்கள்.

அடியாத மாடு படியாதுன்னு எங்க நைனா சொல்லுவாரு. இப்ப வாத்தியார் பிரம்பைத் தொட்டாலே கேஸ்ங்கறாங்க. பசங்க எப்படி உருப்படும்? (தகப்பனார், பேரணாம்பட்டு)

கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு அடிக்கவும் கூடாது, மனம் நோகடிக்கவும் கூடாது என்கிறது. அது கிடக்கட்டும். அடி வாங்கிப் பழகிய பிள்ளை பெரியவரிடம் எதையும் சொல்லாது. பஸ்ஸில் ஒருவன் தொட்டதைச் சொல்லாது, பெரிய பையன்கள் மிரட்டிக் காசு பிடுங்கியதைச் சொல்லாது. எனக்குப் பிரம்பின்மேல் கோபம் வந்தது இதனால்தான். அதட்டுங்கள், வேலை கொடுங்கள், விளையாட்டை நிறுத்துங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, இரண்டையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு. எந்தக் கலர் எந்தச் சாதி என்று அவர்களுக்குள் தெரியும். அறுக்கச் சொன்னால் சண்டை, விட்டாலும் சண்டை. (ஆசிரியை, ராணிப்பேட்டை மாவட்டம்)

இதுதான் வந்த கேள்விகளிலேயே கனமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளத்துக்குத் தடை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, அகர வரிசையில் உட்கார வைப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. 'தென் மாவட்டச் சமாச்சாரம்' என்று நம் பக்கத்தில் சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலனிப் பிள்ளைகளை மட்டும் தண்ணீர் டிரம் தூக்க அனுப்பும் வழக்கம் எங்கே இல்லை?

கயிற்றை அசெம்பிளியில் வைத்து அறுக்காதீர்கள், மறுநாள் அது வீர அடையாளமாகிவிடும். தனித்தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கும் சொல்லி, எல்லாக் கலரையும் ஒரே நாளில் கழற்ற வையுங்கள். ஒரு கலரை விட்டாலும் போச்சு. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு 'எஸ்.சி. பசங்க எழுந்திரு' என்று வகுப்பில் கூவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அதை முதலில் நிறுத்துங்கள். பட்டியல் ஆபீஸில் இருக்கட்டும், பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிடலாம். பெருக்குகிற வேலை, மணி அடிக்கிற வேலை எல்லாம் வரிசை எண்படி மாறி மாறி வரட்டும்.

இன்னொன்று. நாங்குநேரியில் வெட்டு விழுந்தது பள்ளியில் புகார் சொன்ன பிறகு. ஆகவே ஒரு பிள்ளை புகார் சொன்னால் அன்று மாலை அது எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போகிறது என்பது உங்கள் பொறுப்பு. புகார் சொன்னவன் பெயரை எதிர்த்தரப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு 'கை குலுக்குங்க' என்பது சமாதானம் ஆகாது.

சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். டி.சி. இல்லை, தமிழ் இல்லை. சேர்க்கலாமா? (தலைமையாசிரியர், வாலாஜா)

சேருங்கள் சார். டி.சி. தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பத்து வயசுப் பிள்ளையைத் தமிழ் தெரியவில்லை என்று ஒன்றாம் வகுப்பில் போடாதீர்கள், அது வெட்கப்பட்டே நின்றுவிடும். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் ஒட்ட வைக்காமல், வகுப்பிலேயே வாயாடி யாரோ அவள் பக்கத்தில் ஒன்றை உட்கார வையுங்கள். கணக்கில் தொடங்குங்கள். 'இந்திக்காரன்' என்று கூப்பிட விடாதீர்கள், பேர் இருக்கிறது, அவன் வீட்டில் பேசுவதும் ஒடியா. நம் ஊருக்கு இதெல்லாம் பெரிய விஷயமா? சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரில் லாட்ஜ் பையன் வங்காளத்தில் ரூம் வாடகை பேசுகிறான்.

படித்தவர்கள்தானே வாட்ஸ்ஆப்பில் வெறுப்பைப் பரப்புகிறார்கள்? கல்வி வன்முறையைத் தடுக்கும் என்பது சும்மா பேச்சு இல்லையா? (கல்லூரி மாணவர், வேலூர்)

பாதி நியாயம், தம்பி. மார்க்குக்கும் மனசுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் வதந்தி. போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம் வழி கேட்டது. அதிலிருந்த மூதாட்டி குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். கூட்டம் சேர்ந்து அடித்ததில் அவர் இறந்தே போனார். அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்கள் மட்டுமா இருந்திருப்பார்கள்?

அதனால் பள்ளியில் பழக்க வேண்டியது ஒரு வேலைதான்: வந்த செய்தியைக் கையில் எடுத்து, யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி, வீடியோ பழசா, போலீஸ் ஸ்டேஷனில் கேட்டாயா என்று வாரம் ஒரு தடவை பிரித்துப் பார்ப்பது. நல்லொழுக்கப் பீரியடில் கதை சொல்வதைவிட இதற்குப் பலன் அதிகம். எல்லாவற்றையும் இது தடுக்காது. கூட்டத்தில் 'இரு, விசாரிக்கலாம்' என்று சொல்ல இரண்டு பேர் கிடைப்பார்கள்.

ஏழாம் வகுப்பைக் கோட்டைக்குக் கூட்டிப்போகிறோம். என்ன சொல்லிக் கொடுக்கலாம்? (ஆசிரியை, அணைக்கட்டு)

கோயில், மசூதி, சர்ச் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதைக் காட்டிவிட்டு 'ஒற்றுமை' என்று முடித்துவிடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். 1806 ஜூலை 10-ஐ, வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தை, நடத்துங்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை என்று உத்தரவு. இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் சேர்ந்தே எழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வெள்ளைச் சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். பிறகு வெள்ளை அதிகாரி கில்லெஸ்பி படையோடு வந்து, பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார். இரண்டையும் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகள் சிப்பாயாகவும் பாதிப் பிள்ளைகள் நோயாளியாகவும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதட்டும்.

ஆண்டு விழாவில் பல நாட்டு உடை போட்டு ஊர்வலம் விடுகிறோம். உலகக் குடிமையில் சேருமா? (தனியார் பள்ளி ஆசிரியை, சத்துவாச்சாரி)

சேராது. தப்பும் இல்லை, டிரஸ் வாடகையை மட்டும் பெற்றோர் தலையில் கட்டாதீர்கள்.