விரட்ட விரட்டத் திரும்பி வரும் எண்ணம்

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன் கோபத்தில் என் அண்ணனிடம் ஒரு சுடுசொல் சொல்லிவிட்டேன். தியானத்தில் அமர்ந்து கண்ணை மூடினால் அந்தச் சொல்தான் முதலில் வந்து நிற்கிறது. விரட்டினால் இன்னும் உரக்கக் கேட்கிறது. இது முன்வினையா, மனநோயா, மூளையின் கோளாறா?

பதில்: ‘விரட்டினால் இன்னும் உரக்கக் கேட்கிறது’ என்று நீங்கள் எழுதியதிலேயே விடையின் நுனி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் 1987-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்றும், மீறி நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றும் சிலரிடம் சொன்னார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைவிட வியப்பு, தடையை நீக்கிய பிறகு இவர்கள், தொடக்கத்திலேயே கரடியை நினைக்கச் சொல்லப்பட்டவர்களைக் காட்டிலும் அதிகமாக அதை நினைத்தார்கள். ஓர் எண்ணம் வந்துவிட்டதா என்று மனம் வாசலில் காவல் நிற்கும்போது, அந்தக் காவலே அதைக் கைபிடித்து உள்ளே அழைத்து வந்துவிடுகிறது.

மூளையும் சும்மா இருக்கையில் உறங்குவதில்லை. வெளிவேலை குறைந்ததும், நம்மைப் பற்றியும் நடந்ததைப் பற்றியும் அசைபோடும் பகுதிகள் அதில் சுறுசுறுப்படைகின்றன. எனவே கண்ணை மூடியதும் பழைய சொல் எழுவதை மட்டும் கொண்டு அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. மதயானையைக்கூட வசமாக நடத்திவிடலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று தாயுமானவர் பாடியிருக்கிறார். (அறிவியலை அவர் அன்றே சொல்லிவிட்டார் என்று நான் மார்தட்டப் போவதில்லை; அவர் தேடியது வேறு.)

எண்ணம் வந்தால் ‘குற்றவுணர்வு’ என்று மனத்துக்குள் பெயரிட்டுவிட்டு, சண்டையிடாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் அன்றாட வேலையே ஓடவில்லை என்றால், தியானத்தை நம்பிக் காத்திராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதனால் உங்கள் பக்திக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

முன்வினை என்கிறீர்கள். ஆறு மாதத்து வினைக்கு முற்பிறவியைத் தேடுவானேன்? சொன்னவர் நீங்கள், கேட்டவர் உங்கள் அண்ணன். அவரிடம் நேரில் போய், ஏன் கோபம் வந்தது என்ற விளக்கத்தை விட்டுவிட்டு, அன்று சொன்ன அந்தச் சொல்லைக் குறிப்பிட்டே மன்னிப்புக் கேளுங்கள்.