ஆச்சியின் கஷாயத்தில் மலேரியா மருந்தைத் தேடுவது எப்படி?

கேள்வி: எம்.ஃபார்ம் படிக்கிறேன். பொதிகை மலையடிவாரத்தில் எங்கள் ஊர். குளிர்காய்ச்சலுக்கு எங்கள் ஆச்சி நிலவேம்போடு இன்னும் சில மூலிகைகளைச் சேர்த்துக் கொடுப்பார். அவற்றில் மலேரியாவை எதிர்க்கும் பொருள் உண்டா என்று ஆய்வேட்டுக்காகத் தேட விரும்புகிறேன். எல்லாவற்றையும் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் சாக்ஸ்லெட் (கரைப்பானைத் தொடர்ந்து கொதிக்க வைத்துச் சாறு எடுக்கும் முறை) போடச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சாக்ஸ்லெட்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் ஆச்சியிடம் போய் உட்காருங்கள். செடியின் பெயரோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பாகம், எந்த மாதம் பறிப்பார், பச்சையா காய்ந்ததா, கொதிக்க வைப்பாரா ஊற வைப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்த கதையே இதில்தான் இருக்கிறது. சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேட 1967-இல் தொடங்கிய 523 திட்டத்தில் 1969-இல் சேர்ந்த விஞ்ஞானி து யூயூ, 2000-க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு எலிகளில் ஒருமுறை நன்றாக வேலை செய்யும், அடுத்த முறை கைவிடும். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன மருத்துவர் எழுதிய குறிப்பை மறுபடி படித்தபோதுதான் து யூயூவுக்குப் பொறி தட்டியது: ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்க வேண்டும் என்று இருந்தது. அடுப்பில் ஏற்றும் பேச்சே அதில் இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி எலிகளின் ரத்தத்திலிருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை முழுவதும் அழித்தது. இத்தனைக்கும் சிங்ஹாவ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் புழங்கின. மருந்து இருந்தது ஆர்ட்டிமிசியா அனுவாவின் இலையில்.

அதனால் ஒரே செடியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தும், ஆச்சி செய்கிற முறையிலும், அறை வெப்பத்தில் எத்தனாலிலும் தனித்தனியாக எடுங்கள். மூன்றையும் ஒப்பிட்ட பிறகு வேண்டுமானால் சாக்ஸ்லெட்.

இன்னொன்று, காய்ச்சல் எல்லாம் மலேரியா அல்ல. காய்ச்சலைத் தணிக்கிற மூலிகை ஒட்டுண்ணியைத் தொடாமலே இருக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கத்தோடு வரும் முறைக்காய்ச்சலுக்கு எதைக் கொடுப்பார் என்று தனியாகக் கேளுங்கள். அந்தச் செடிகளிலிருந்து தொடங்குங்கள்.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தை மனிதச் சிவப்பணுக்களில் வளர்ப்பது எல்லாக் கல்லூரியிலும் முடியாது. டெல்லியில் உள்ள தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தோடு சேர்ந்து செய்ய வழிகாட்டியிடம் பேசுங்கள். குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்துக்கு அடங்கும் 3டி7, அடங்காத டிடி2 என்ற இரண்டு ஒட்டுண்ணி வகையிலும் பாருங்கள். சாபோனின் (சோப்புபோல நுரைக்கும் தாவரப் பொருள்) உள்ள சாறு சிவப்பணுவையே உடைத்துவிடும். ஒட்டுண்ணி செத்ததுபோலத் தெரியும். என் மாணவர்கள் பலர் ஏமாந்த இடம் இது. ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுக்களிலும் அதே சாற்றை விட்டுப் பாருங்கள். மனித உயிரணுக்களுக்கு நஞ்சா என்ற சோதனையும் கட்டாயம் வேண்டும். எதையும் கொல்லும் சாறு மருந்தாகாது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிமிசினின் நானோமோலார் அளவிலேயே ஒட்டுண்ணியைத் தடுக்கும். நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புப் பொருளுக்கு மைக்ரோமோலார் அளவு தேவைப்படுகிறது; ஒரு மைக்ரோமோலார் என்பது ஆயிரம் நானோமோலார். இடைவெளி பெரிது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். பலன் தராத செடியையும் அளந்த எண்களோடு பதிவு செய்தால் அடுத்து வருபவருக்கு உதவும்.

பறித்த செடியில் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (பிஎஸ்ஐ) தென்மண்டல மையத்தில் அடையாளம் உறுதி செய்து வாங்குங்கள். காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி முதலில். காப்புரிமை எண்ணம் இருந்தால், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளைத் தொடக்கத்திலேயே விசாரித்துவிடுங்கள். ஆச்சியின் அறிவு அது. அவர் பெயர் ஆய்வேட்டில் வரலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், ஊரில் இதைப் பற்றி விசாரிக்கும்போது, “அப்போ இந்தக் கஷாயத்தையே மலேரியாவுக்குக் குடிக்கலாமா?” என்று உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள். கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஃபால்சிபாரம் மலேரியா ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாக முற்றலாம். ஆர்ட்டிமிசியா தேநீரைக்கூட உலகச் சுகாதார அமைப்பு ஏற்கவில்லை. அதில் மருந்தின் அளவு குறைவு, கோப்பைக்குக் கோப்பை மாறும். குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஆச்சிக்கும் அதையே சொல்லுங்கள்.