கொடியைப் பார்த்துக் குடிக்காதீர்கள்

கேள்வி: நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து விஸ்கி சேகரிக்கிறோம். லண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவைத்து எடுப்பிப்போம். அமெரிக்க விஸ்கி வேண்டாம் என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. இப்போது ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, யப்பான், இந்தியா, தாய்வான் என்று ஐந்து நாடுகள் அலுமாரியில் நிற்கின்றன. வயது போடாத இந்தியப் போத்தலை 12 வருட ஸ்கொட்சுடன் ஒப்பிடுவதே வீண் என்கிறார் ஒரு நண்பர். எந்த நாட்டுக்கு முதலிடம் கொடுப்பீர்கள்?
— வாசகர், கொக்குவில்

பதில்: எந்த நாட்டுக்கும் கொடுக்க மாட்டேன். நீங்கள் இப்போது லேபிள்களைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் நண்பரின் 12 வருடக் கணக்கைப் பார்ப்போம். அந்த எண், போத்தலில் கலந்தவற்றுள் மிக இளையது பீப்பாவுக்குள் கிடந்த காலம். ஸ்கொட்லாந்தின் குளிரில் பீப்பாவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 வீதம்தான் ஆவியாகும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீற்றர் உயரத்தில் இருந்தும், அங்கே 10 வீதத்துக்கு மேல் போய்விடுகிறது. சூடு ஏற ஏற மதுசாரம் மரத்துக்குள் ஆழமாக ஊறி, நிறத்தையும் மணத்தையும் வேகமாக இழுத்துக்கொண்டு வரும். சித்திரை வெயிலில் பூட்டிக்கிடந்த தகரக் கூரை அறையைத் திறந்து பார்த்த எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் 12 வருடம் வைத்தால் பீப்பாவில் பாதிக்கும் மேல் காணாமல் போயிருக்கும். மிஞ்சியதிலும் மரத்தின் கசப்பு மேலோங்கிவிடும். அதனால் சில வருடங்களிலேயே இறக்கிவிடுகிறார்கள். சின்ன எண்ணைப் பார்த்து ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று வயதைப் போடாமலே விடுவதும் உண்டு. பெங்களூரின் அம்ருத் வடிசாலை தன் சிங்கிள் மோல்ட்டை (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) 2004இல் அறிமுகம் செய்தது எங்கே தெரியுமா? கிளாஸ்கோவில், ஸ்கொட்ச்காரரின் வாசலிலேயே. அவ்வளவு தைரியம் வயது போடாத போத்தலுக்கு இருந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கரும்புப் பாகுக் கழிவிலிருந்து வடித்த மதுசாரம் கலந்த மலிவுப் போத்தலும் 'இந்திய விஸ்கி' என்ற பெயரில்தான் வருகிறது. அதை வைத்து ஒரு நாட்டையே தள்ளிவிடாதீர்கள்.

நாடு நாடாக அடுக்குவதிலும் சிக்கல் இருக்கிறது. அம்ருத்தின் ஃபியூஷன் என்ற விஸ்கியில் கால்வாசிப் பேச்சு ஸ்கொட்லாந்துடையது: இந்திய பார்லியோடு, அங்கே பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்திய பார்லியும் சேர்கிறது. அதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்? யப்பான் விஸ்கிக்கு வழிபோட்ட மசட்டாக்க தக்கெட்சுரு 1918இல் ஸ்கொட்லாந்துக்குப் போய்த் தொழில் படித்தவர். யப்பானிலேயே, வெளியிலிருந்து வாங்கிய விஸ்கியை யப்பான் பெயரில் அடைப்பதற்குப் பல காலம் தடை இருக்கவில்லை. அங்கேயே வடித்து, அங்கேயே மரப் பீப்பாவில் 3 வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர் சங்கம் விதி செய்தது 2021இல்தான். அது முழுதாக நடைமுறைக்கு வந்தது 2024 ஏப்ரலில். உங்கள் யப்பான் போத்தல் அதற்கு முந்தியதென்றால் பின்பக்க எழுத்தை ஒருமுறை வாசியுங்கள்.

அமெரிக்கா வேண்டாம் என்ற முடிவுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை, உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாவில்தான் வைக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஒருமுறை பாவித்த பீப்பா மறுபடி பேர்பனுக்கு உதவாது. கப்பலேறி ஸ்கொட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் போகிறது. உங்கள் ஸ்கொட்சில் நீங்கள் மெச்சுகிற வனிலா வாசனையில் பெரும்பங்கு அந்தப் பீப்பா தந்ததாகவே இருக்கும். ஒரு பேர்பனைப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால்தான் எது மரம் தந்தது, எது வடித்தவன் தந்தது என்று பிடிபடும். அதை ஒதுக்கிவிட்டு ஒப்பீடு என்று சொல்லாதீர்கள்.

சரி, எப்படி ஒப்பிடுவது? குடிக்காத ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். வாய் ஒடுங்கிய, ஒரே மாதிரியான கிளாஸ்கள், அடியில் இலக்கம். ஒரு இருப்பில் மூன்று போதும், அதற்கு மேல் நாக்கு மரத்துப்போகும். ஒன்று 40 வீத மதுசாரமாகவும் மற்றது 50ஆகவும் இருந்தால் காரமானதே நல்லதென்று தோன்றும். தண்ணீர் விட்டுச் சமப்படுத்துங்கள். ஐஸ் வேண்டாம். மிளகாய்த்தூள் பிரட்டிய பைற்ஸ் எல்லாம் முடிந்த பிறகு வரட்டும். எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, ஏனென்றால் முதலில் பேசுகிறவரின் கருத்துத்தான் மற்றவர்களின் நாக்கிலும் ஏறும்.

இன்னொன்று. கண்ணாடிக்குள் போன விஸ்கிக்கு வயது ஏறாது. எத்தனை வருடம் பூட்டி வைத்தாலும் 12 வருடம் 12தான். யன்னல் வெயில் பட்டால் நிறமும் மணமும் கெடும், படுக்க வைத்தால் தக்கை இற்றுப்போகும். திறந்து கால்வாசி மிஞ்சிய போத்தல் ஏதாவது அலுமாரியில் இருந்தால் அதற்குள் காற்று வேலை செய்துகொண்டிருக்கிறது. அடுத்த ஒப்பீட்டை அதிலிருந்தே தொடங்குங்கள்.